ஸ்பிரிங் லிமிட்டர் வைத்த ஃபோர்செப்ஸ்: டெமோவில் கேட்க வேண்டியவை

புதுச்சேரி, கடலூர் பக்கம் எண்டோஸ்கோப்பி அறைகளுக்கு உணவுக்குழாயில் சிக்கிய மீன் முள் புதிதல்ல. அதை எடுக்கும் ஃபோர்செப்ஸை (நீண்ட இடுக்கி) இறுக்கினால் முள் உடையும். ஒரு துண்டு அங்கேயே நிற்கும். இதற்குத்தான் கைப்பிடிக்குள் ஸ்பிரிங் வைத்துப் பிடிக்கு வரம்பு கட்டிய மாடல்கள். இங்கே பார்ப்பது எண்டோஸ்கோப்பின் 2.8 மி.மீ. சேனலில் (கருவி நுழையும் குழாய்) போகும், 160 செ.மீ. நீள அலிகேட்டர் வகை (முதலை வாய் போலப் பல் வைத்த தாடை).

அமைப்பு நன்று. முன்பே அழுத்தி வைத்த ஸ்பிரிங் வழியாகத்தான் ஸ்லைடர் (கைப்பிடியில் விரலால் நகர்த்தும் பகுதி) நுனித் தாடையை மூடும் கம்பியை இழுக்கிறது. வரம்பைத் தாண்டினால் ஸ்பிரிங் சுருங்கும். எவ்வளவு இழுத்தாலும் விசை பெரிதாக ஏறாது. கம்பி அறுவதும் தாடை ரிவெட் தளர்வதும் குறையும்.

ஆனால் வரம்பு கைப்பிடியில் இருக்கிறது, நுனியில் இல்லை. கம்பி வளைந்து போகும் இடமெல்லாம் உராய்வு விசையைத் தின்னும். உராய்வுக் கெழுவை 0.1 என்று வைத்தாலே, கேஸ்ட்ரோஸ்கோப் (இரைப்பை வரை போகும் எண்டோஸ்கோப்) நுனியை 210 டிகிரி மடக்கும்போது அந்த ஒரு வளைவிலேயே சுமார் 31 சதவீதம் போய்விடும். டீலர் சொல்லும் நியூட்டன் கணக்கு எந்த வளைவில் அளந்தது என்று கேளுங்கள். விழுங்கிய நாணயத்தை எடுக்கும்போது, நுனி மடக்கிய நிலையில் அது வழுக்கினால் வியப்பில்லை. நாணயத்துக்கு ராட் டூத் (எலிப்பல் போன்ற தாடை) வகையே மேல்.

அதைவிடத் தொல்லை வேறு. விரலை விட்டாலும் அதே உராய்வு கம்பியைப் பின்வாங்க விடாது, தாடை திசுவைக் கவ்வியபடியே இருக்கும். ஸ்லைடரை முன்னால் தள்ளி, வாய் திறந்ததைத் திரையில் பார்த்த பிறகே கருவியைத் திசுவிலிருந்து விலக்க வேண்டும்.

டெமோவில் கம்பி ஓடும் சுருள் உறையை 20 செ.மீ. அகல வட்டமாக ஒரு சுற்று சுற்றி, கிளவுஸ் துண்டைக் கவ்வவைத்து இழுத்துப் பாருங்கள். பிறகு நேராக நீட்டியும் பாருங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும். வாய் முழுக்க மூடிய பிறகும் ஸ்லைடருக்கு ஓட்டம் மிச்சமிருக்க வேண்டும். கம்பி நாளடைவில் நீளும். மிச்சம் இல்லையென்றால் ஸ்பிரிங் வேலை செய்வதற்குள் ஸ்லைடர் கடைசியில் முட்டி நின்றுவிடும்.

கரையோர போர் தண்ணீரில் உப்பு அதிகம். அது சுருள் உறைக்குள் தங்கினால் துரு பிடிக்கும், உராய்வு கூடும், பிடி இன்னும் தளரும். அல்ட்ராசோனிக் கிளீனிங் முடிந்ததும் கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். பிறகு காற்றடித்து உலர்த்தி, நீரில் கரையும் இன்ஸ்ட்ரூமென்ட் ஆயில் விட்டு, 134 டிகிரியில் ஆட்டோகிளேவ் (நீராவிக் கிருமிநீக்கம்). ஸ்பிரிங் அறையில் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். துளையில்லாத மாடல் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.