ஜாக்கி போட்டாச்சா? லெகோ டெக்னிக்கோடு எட்டு வருடம்

எட்டு வருடத்தில் நான் வாங்கியது மொத்தம் நான்கே செட். அதிலும் ஒன்று நகல். பெட்டியில் அச்சடித்த படத்தைப் போல ஒரு வண்டிகூட இன்று என் அலமாரியில் நிற்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்தாயிற்று. "இவ்வளவு காசு போட்டு வாங்கி, ராத்திரி பகலாக மாட்டி, அப்புறம் எதற்குப் பிரிக்கிறாய்?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. இது பாதி அவர்களுக்கான பதில்.

லெகோ என்றால் குமிழ் வைத்த கட்டைகள்தான் பலருக்கு நினைவு வரும். டெக்னிக் வரிசை வேறு. இப்போதைய செட்டுகளில் குமிழே குறைவு. வரிசையாக ஓட்டை போட்ட பீம், அவற்றைப் பிணைக்கும் பின், கூட்டல் குறி வடிவ ஆக்சில், கியர், ஆக்சிலை நகராமல் பிடிக்கும் புஷ், இவ்வளவுதான். டென்மார்க்கின் பில்லுண்டிலிருந்து 1977-இல் வந்த வரிசை இது. அந்த வருடத்து 853 என்ற கார் சேஸிஸில் ஸ்டியரிங் இருந்தது, பிஸ்டன் ஏறி இறங்கும் நாலு சிலிண்டர் எஞ்சின் இருந்தது, இரண்டு கியர் இருந்தது. பாடி மட்டும் கிடையாது. வெறும் எலும்புக்கூடு. இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடித்ததும் அந்த எலும்புக்கூடுதான். நண்பர் ஒருவர் வாங்கிய பெரிய ஸ்போர்ட்ஸ் காரை நாலு ராத்திரி கூட இருந்து கட்டினேன். கியர்பாக்ஸ் முடிந்த ராத்திரி இருந்த குஷி, மேலே பாடி ஏறியதும் போய்விட்டது. அவருக்கு அது ஷோகேஸ் பொருள். அதுவும் ஒரு ரசனை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் செட் 2017-இல் சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா மகன் கொண்டுவந்தான். மெர்சிடிஸ் ஆரோக்ஸ் லாரி, எண் 42043, உருப்படி 2793. கிரேன் காற்றழுத்தத்தில் இயங்கும். குட்டி சிலிண்டர், குட்டி ரப்பர் குழாய், காற்றடிக்க ஒரு மோட்டார். பொங்கல் லீவு முழுக்க அதில் போனது. கட்டி முடிக்கும்வரை புத்தகம் சொன்னபடி மாட்டினேனே தவிர எதுவும் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிரித்தபோதுதான் புரிய ஆரம்பித்தது. கட்டும்போது நம் கண் அடுத்த படத்தில் இருக்கும். பிரிக்கும்போது "இந்த பீமை எடுத்தால் எது தொங்கும்?" என்று யோசித்துத்தான் கை வைக்க வேண்டியிருக்கிறது.

அப்படிப் பிரித்துப் பிரித்துப் பிடிபட்ட ஒரு கணக்கைச் சொல்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். பீமில் ஒரு ஓட்டையின் நடுவிலிருந்து அடுத்த ஓட்டையின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். இரண்டு கியர்களின் பற்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால், அவற்றின் நடுத்தூரம் மில்லிமீட்டரில் வந்துவிடும். 8 பல்லும் 24 பல்லும் என்றால் 16, அதாவது இரண்டு ஓட்டை. 8-உம் 40-உம் என்றால் 24, மூன்று ஓட்டை. 12-உம் 20-உம் பொருந்தும். 16-உம் 24-உம் 20 மில்லிமீட்டரில் வந்து நிற்கும், நேர் வரிசையில் ஓட்டை கிடைக்காது. இந்தக் கணக்கு தெரிந்த பிறகு அறிவுறுத்தல் புத்தகம் இல்லாமலே கியர் வைக்கத் துணிச்சல் வந்தது.

ஆனால் கணக்கெல்லாம் சரியாக இருந்தும் வண்டி ஓடாது. காரணம் உராய்வு. அதைக் கற்றுக்கொடுத்தது இரண்டாவது செட், 2021-இல் வாங்கிய லேண்ட் ரோவர் டிஃபெண்டர், எண் 42110. இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் மூன்று, ஆறு சிலிண்டர் எஞ்சின், நான்கு கியர் உள்ள ஒரு கியர்பாக்ஸ், அதோடு தனியாக ஹை, லோ. இதில் கியர்கள் எப்போதும் ஒன்றோடொன்று பல் கோத்தபடியே சுற்றும். நடுவே ஒரு வளையம் இடமும் வலமும் நகர்ந்து, எந்த கியரைக் கவ்வுகிறதோ அது மட்டும் ஷாஃப்டைத் திருப்பும். பைக்கின் கியர்பாக்ஸும் இதே தத்துவம்தான். லெகோவில் இந்த வளையம் 1994-இன் 8880 சூப்பர் காரிலிருந்து இருக்கிறது.

மூன்று ராத்திரி வேலைக்கு அப்புறம் சேஸிஸைத் தரையில் வைத்துத் தள்ளினேன். சக்கரம் உருளாமல் இழுபட்டது. உள்ளே டக் டக் என்று பல் தாண்டும் சத்தம். சரி, போச்சு என்று பாதி வண்டியைப் பிரித்தேன். ஒவ்வொரு ஆக்சிலாகக் கழற்றி, தனியாக பீமில் செருகி, விரலால் சுண்டிப் பார்த்தேன். நல்ல ஆக்சில் சுண்டிய பிறகும் நாலைந்து சுற்று சுற்றும். ஒன்று மட்டும் சுண்டிய இடத்திலேயே நின்றது. பார்த்தால், ஒரு அரை புஷ்ஷை நான்தான் பீமோடு ஒட்டிப்போகும் அளவுக்கு அழுத்தியிருந்தேன். நகம் நுழையும் அளவு இடைவெளி விட்டேன். ஓடியது. தப்பு முழுக்க என்னுடையது. ஆட்டம் இருக்கக் கூடாது என்று இறுக்குவதுதான் புதிதாகக் கட்டுகிறவரின் முதல் வியாதி. கொஞ்சம் ஆட்டம் இருந்தால்தான் வண்டி நகரும்.

பின்களிலும் இதே கதை. கருப்புப் பின்னில் சிறு வரம்புகள் உண்டு, பிடித்து நிற்கும். பழைய சாம்பல் பின் வழுவழுப்பானது, சுழலும். ஒரு பக்கம் பின், மறு பக்கம் ஆக்சில் என்று இருப்பதில் நீலம் இறுக்கம், மணல் நிறம் தளர்வு. நிறம் அழகுக்கு என்று நினைத்து மாற்றிப் போட்டீர்களோ, கீல் மாதிரி மடங்க வேண்டிய இடம் மரக்கட்டை மாதிரி நிற்கும்.

நகல் செட்டைப் பற்றி இரண்டே வரி. விலை பாதிக்கும் கீழே என்று ஆசைப்பட்டு வாங்கினேன். பின் ஒவ்வொன்றையும் ஏற்றுவதற்குள் கட்டைவிரல் நுனி சிவந்துவிட்டது, ஏறியது இறங்க மறுத்தது. டயர்கள் மட்டும் இன்னும் பயன்படுகின்றன.

விலையை மறைத்துப் பேச முடியாது. பொம்மை இறக்குமதிக்கான சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. ஆகவே நம் ஊரில் பெரிய பெட்டி என்பது பலருக்கு யோசித்து யோசித்து எடுக்கும் முடிவு. என் அபிப்பிராயம்: மூவாயிரம் உருப்படிப் பெட்டிக்குச் சேமிப்பதை விட, கியரும் டிஃபரன்ஷியலும், திருகு சுற்றினால் நீளும் லீனியர் ஆக்சுவேட்டரும் உள்ள நடுத்தர பெட்டி ஒன்றை வாங்கி நாலு தடவை பிரிப்பது லாபம். உதிரிகளை பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தையில் ஒவ்வொரு உருப்படியாக விற்பார்கள், தபால் செலவுதான் உருப்படியின் விலையைத் தாண்டிவிடும். அவர்களுடைய ஸ்டூடியோ மென்பொருள் இலவசம், வாங்குவதற்கு முன் திரையில் கட்டிப் பார்க்கலாம். ஒரே சங்கடம், திரையில் உராய்வு கிடையாது. அங்கே எல்லாமே பொருந்தும், எல்லாமே சுற்றும்.

பராமரிப்பு சுலபம். ஈரோட்டுத் தூசிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுகிறேன். வெதுவெதுப்பான தண்ணீர், 40 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, கொஞ்சம் சோப்பு, அப்புறம் முறத்தில் பரப்பி நிழலில் உலர்த்தல். கியர்களை அம்மாவின் பழைய அஞ்சறைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். கடுகு இருந்த கிண்ணத்தில் 8 பல், மிளகு இருந்ததில் 12 பல். முதல் மாதம் முழுக்க வெந்தய வாசனை.

இரண்டு வருடமாகக் கட்டுவது ஒரு போர்வெல் வண்டி. என் தாய்மாமா திருச்செங்கோட்டுக்காரர். அந்த ஊர் ரிக் வண்டிகளை ராஜஸ்தான் வரை பார்க்கலாம். மாமாவும் அப்படி ஊர் ஊராகத் துளை போட்டவர்தான். சின்ன வயதில் அவர் வண்டி வரும்போது பார்த்திருக்கிறேன்: நாலு ஜாக்கியும் தரையில் ஊன்றி வண்டி நிமிரும், படுத்திருந்த மாஸ்ட், அதாவது துளைக் கம்பியைத் தாங்கும் உயரமான சட்டம், மெல்ல எழும், பின்னாலேயே ராடும் டீசலும் சமையல் சாமானும் ஏற்றிய இன்னொரு லாரி. இதற்கு செட் கிடையாது. ஆரோக்ஸும் டிஃபெண்டரும் கலைந்தது இதற்காகத்தான்.

மோட்டார் இரண்டு. ஒன்று துளை போடும் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது, தலையோடு மாஸ்டில் ஏறி இறங்கும். இன்னொன்று சேஸிஸில். நடுவில் டிஃபெண்டரின் அதே வளையம்: இடப்பக்கம் தள்ளினால் ஜாக்கி, வலப்பக்கம் தள்ளினால் மாஸ்ட். ஜாக்கி முழுக்க இறங்கிய பிறகும் மோட்டார் ஓடினால் எதுவும் உடையாமலிருக்க ஒரு வெள்ளை 24 பல் கியர். அளவுக்கு மேல் முறுக்கினால் அதுவே நழுவிவிடும். அதன் எல்லை 2.5 முதல் 5 நியூட்டன் சென்டிமீட்டர் என்று கியரிலேயே எழுதியிருக்கும்.

முதல் முயற்சியில் மோட்டார் பக்கத்திலேயே வேகத்தைக் குறைத்து, அந்த மெதுவான பலத்தை நீள ஆக்சிலில் அனுப்பினேன். ஆக்சில் முறுக்குப் பிழிந்தது போலத் திருகிக்கொண்டது. திரும்ப நேராகவே இல்லை. இப்போது நீள ஆக்சில் வேகமாகச் சுற்றுகிறது, கடைசியில், சுமைக்குப் பக்கத்தில்தான் கியர் குறைகிறது. கனரக லாரிகளில் சக்கரத்தின் ஹப்புக்குள் கியர் வைப்பதும் இதற்காகத்தானே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்து மாஸ்ட். இரண்டு ஆக்சுவேட்டர்கள் சேர்ந்து தூக்க வேண்டும். உள்ளே இருப்பது திருகு, ஆகவே மோட்டார் நின்றாலும் மாஸ்ட் கீழே விழாது. ஆனால் ஏறும்போது மாஸ்ட் ஒரு பக்கமாக நெளிந்தது. ஒரு வாரம் பீமைப் பலப்படுத்திக்கொண்டிருந்தேன், பயனில்லை. கடைசியில் ஸ்கேல் வைத்து அளந்தால் இடது ஆக்சுவேட்டர் வலதை விட இரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் டக் டக் சத்தம் வரும்வரை உள்ளே இழுத்துவிட்டு, அப்புறம் பல் கோத்திருக்க வேண்டும். பத்து நிமிட வேலை.

போன மாதம் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். வண்டியைக் கூடத்தில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கேபினைப் பார்க்கவில்லை, பெயிண்ட் கலரைப் பற்றிக் கேட்கவில்லை. நான் மாஸ்டை ஏற்றிக் காட்டப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜாக்கி போட்டாச்சா, கண்ணு?"

"இல்லீங் மாமா. இது பிளாஸ்டிக்தானுங்க."

"பிளாஸ்டிக்கோ என்னமோ. ஜாக்கி போடாம மாஸ்ட் ஏத்துனா வண்டி படுத்துக்கும். மொதல்ல ஜாக்கி போடு."

வளையத்தை இடப்பக்கம் தள்ளினேன். நாலு ஜாக்கியும் இறங்கின. வெள்ளை கியர் நழுவும் சத்தம் கேட்டதும் நிறுத்தினேன். எங்கள் கூடத்து மொசைக் தரை வாசல் பக்கம் லேசாகச் சரிவு. பின் இடது ஜாக்கி தரையைத் தொடவில்லை, கீழே ஒரு தாள் நுழையும் இடம். நான் அதைக் கவனிக்கவே இல்லை. மாமா குனிந்து பார்த்தார். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, நாலாக மடித்து, அந்த ஜாக்கிக்குக் கீழே செருகினார். விரலால் வண்டியை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை.

"ம், இப்ப ஏத்து."