பெர்சியனா, சயாமீஸா?

இரண்டும் பூனைதான், ஆனால் குணத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. பெர்சியன் போட்ட இடத்தில் படுத்துக் கிடக்கும்; சத்தமும் குறைவு. சயாமீஸ் அப்படியில்லை. சாப்பாடு தாமதமானால் கைக்குழந்தை அழுவதுபோலக் கத்தும், அலமாரி உச்சிக்கு ஏறும், நீங்கள் போகிற அறைக்கெல்லாம் பின்னாலேயே வரும். நாள் முழுக்க வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இது சரிப்படாது.

பெர்சியனின் சிக்கல் உடம்பில். தினமும் சீவாவிட்டால் காலிடுக்கிலும் வயிற்றடியிலும் முடி சடை பிடித்துவிடும். தட்டை முகத்தால் கண்ணீர் வழிந்து மூக்கோரம் பழுப்புக் கறை படியும். மூச்சும் சிரமம், வெயில் ஆகாது. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோயும் இந்த இனத்தில் அதிகம். தாய், தகப்பன் பூனைகளின் மரபணுப் பரிசோதனையைக் கேட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

சயாமீஸுக்கு வாரம் ஒருமுறை சீவினால் போதும். அப்புறம், அதன் நிறம் ஒரு வேடிக்கை: குட்டி வெள்ளையாகப் பிறக்கும், பிறகு உடம்பில் சூடு குறைந்த காது, முகம், பாதம், வால் மட்டும் கறுக்கும். அறுவைக்காக முதுகில் முடியை மழித்தால் அங்கேயும் கருமையாக முளைக்கலாம்.

எப்போதும் ஆள் இருக்கிற வீடென்றால் என் ஓட்டு சயாமீஸுக்கு. ஏசி இல்லாத வீட்டுக்குப் பெர்சியன் வேண்டவே வேண்டாம்.