மாணவர் படத்துக்கு 'முழு ப்ரமோஷன் பேக்கேஜ்' என்று யாராவது வந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிறவர்களுக்கும், கல்லூரித் திட்டத்துக்காகக் குறும்படம் எடுத்து முடித்துவிட்டு டைட்டில் டிசைன், போஸ்டர் என்று ஆள் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் குழு ஒருவரிடம் 15,000 ரூபாய் கொடுத்தது. உருப்படியாக ஒரு போஸ்டர்கூட வரவில்லை. பணம் போனதுகூடப் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் படத்தின் பெயரில் இருந்த இன்ஸ்டாகிராம் பக்கமும், படத்தில் நடித்த ஒரு பாட்டியின் முகமும் அவர் கைக்குப் போய்விட்டன. அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

புகார் நடந்துகொண்டிருப்பதால் அவர் பெயரையும் கடைப் பெயரையும் இங்கே எழுதவில்லை. எப்படிப் பேசினார், என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். நாளைக்கு வேறொருவர் இதே முறையில் வந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

எங்கள் படம் ஏற்காட்டுக் கதை. காபி எஸ்டேட்டில் ஆயுள் முழுக்க வேலை பார்த்த ஒரு பாட்டி, பேரக் குழந்தையைப் பார்க்க இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் அரசு மருத்துவமனைக்கு வருகிறார். அவ்வளவுதான் கதை. பாட்டியாக நடித்தவர் சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர், அதற்கு முன் கேமராவைப் பார்த்ததே இல்லை. சம்பளம் என்று ஒரு ரூபாய் வாங்கவில்லை. "உங்க படிப்புக்குன்னா நடிக்கிறேன் கண்ணு, வேற எதுக்கும் என் மூஞ்சியப் போட்றாதீங்க" என்று சொல்லித்தான் சம்மதித்தார்.

அந்த ஆளை எங்கள் கல்லூரிக் கலைவிழாவில்தான் சந்தித்தோம். சேலம் ஐந்து ரோடு பக்கம் மாடியில் அவருக்கு ஓர் அறை, கண்ணாடிக் கதவு, உள்ளே இரண்டு கம்ப்யூட்டர். "மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊரு தம்பி இது. சேலத்துப் பசங்க படத்தைச் சென்னைக்காரன்கிட்ட கொண்டுபோய்க் கொடுப்பீங்களா?" என்று ஆரம்பித்தார். 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய சினிமா நிறுவனம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் நம் ஊரில் உருவாயின. ஏற்காடு சாலையில் மிச்சம் நிற்கிற அதன் வளைவின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத சினிமா மாணவர் சேலத்தில் இருக்க மாட்டார். அந்தப் பெருமையைத் தொட்டுத்தான் அட்வான்ஸ் வாங்கினார். இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

டேப்லெட்டில் வரிசையாக போஸ்டர்களைக் காட்டினார், எல்லாம் தான் செய்தது என்றார். அவற்றில் சில வேறு வடிவமைப்பாளர்களின் வேலை என்று பிறகுதான் தெரிந்தது. அவர்களே தங்கள் பக்கத்தில் பென்சில் ஸ்கெட்ச்சிலிருந்து முடிவு வரை படிப்படியாகப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் போஸ்டர் காட்டினால் அதன் ஓப்பன் ஃபைலையும், அதாவது திருத்தக்கூடிய மூலக் கோப்பையும், திறந்து காட்டச் சொல்லுங்கள். அதில் எழுத்து, படம் எல்லாம் லேயர்களாக, அடுக்கடுக்காகத் தனித்தனியாக இருக்கும். செய்தவரால் ஒரு நிமிடத்தில் காட்ட முடியும்.

பேக்கேஜில் டைட்டில் டிசைன், ஃபர்ஸ்ட் லுக் (முதல் போஸ்டர்), மோஷன் போஸ்டர் (அசையும் போஸ்டர்), சிவகாசியில் ஆஃப்செட்டில் (தகடு வைத்து அடிக்கும் அச்சு முறையில்) அடித்த ஏ3 போஸ்டர்கள், இரண்டு ஸ்டாண்டி (நிறுத்தி வைக்கும் விளம்பரப் பலகை), ஒரு மாதம் இன்ஸ்டாகிராம் பக்கத்தை நடத்துவது எல்லாம் சேர்த்தி. "படம் எடுக்கறது உங்க வேலை, பிராண்டிங் என் வேலை, நிம்மதியா பரீட்சை எழுதுங்க" என்றார்.

ஃபர்ஸ்ட் லுக் வந்தது. முன்னால் பாட்டி, பின்னால் பனி மூடிய பச்சை மலை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருக்கும் பாட்டியின் மகனுக்கு அனுப்பினோம். அவர் உடனே போன் செய்தார். "தம்பி, இது நம்ம மலையே இல்லைங்களே. இது தேயிலைத் தோட்டம். நம்ம காட்டுல சில்வர் ஓக் மரமும் அதுல ஏத்திவிட்ட மிளகுக் கொடியும், அடியில காப்பிச் செடியுமில்ல இருக்கும்?" அவர் சொன்னதுதான் சரி. கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தோம். அது பணம் கட்டி வாங்க வேண்டிய ஒரு ஸ்டாக் புகைப்படம். பெரிதாக்கிப் பார்த்தபோது வாட்டர்மார்க் அழித்த தடம் பனிக்குள் தெரிந்தது. நாங்கள் ஏற்காட்டில் லேடீஸ் சீட்டிலும் பகோடா பாயின்ட்டிலும் விடியற்காலையில் குளிரில் நின்று எடுத்த ஸ்டில்ஸ் அத்தனையும் அவரிடம் இருந்தன. ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

அடுத்தது தலைப்பு. எங்கள் படப் பெயரில் ஒரு 'கொ'வும் ஒரு 'டை'யும் வருகின்றன. மோஷன் போஸ்டரில் இரண்டும் உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோட் தமிழை போட்டோஷாப்பின் சில பதிப்புகளில் அப்படியே ஒட்டும்போது, டைப் அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி' என்ற தேர்வு இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். பழைய பதிப்புகளில் அதே இடத்தில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்று இருக்கும். தமிழ் டைட்டில் செய்கிறவருக்கு இது அரிச்சுவடி. அதைக் கேட்டதற்கு, "யாரு தம்பி அவ்வளவு உத்துப் பார்க்கறாங்க, ஸ்டைலா விடுங்க" என்று பதில் வந்தது. தமிழ்ப் படத்தின் பெயரைத் தமிழில் ஒழுங்காக எழுத வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசையா? எழுத்துருவுக்குத் தனியாக 2,000 ரூபாய் வேறு கேட்டார். கூகுள் ஃபான்ட்ஸில் மீரா இனிமை, கவிவனார், பவனம், காட்டமரன் எல்லாம் இலவசம். திறந்த உரிமத்தில் இருப்பதால் போஸ்டருக்கும் படத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எழுத்துருவுக்கென்று யாராவது பணம் கேட்டால், எந்த எழுத்துரு, யாருடைய உரிமம் என்று பில்லோடு கேளுங்கள்.

போஸ்டரின் மேல் மூலையில் லாரல் இலை வளையம் ஒன்று, நடுவில் 'அஃபிஷியல் செலக்‌ஷன்' என்ற எழுத்து. திரைப்பட விழாவில் தேர்வான படங்கள் போட்டுக்கொள்ளும் அடையாளம் அது. நாங்கள் அதுவரை எந்த விழாவுக்கும் படத்தை அனுப்பவே இல்லை. "கெத்தா இருக்கும், விடுங்க" என்றார். இதை மட்டும் யாரும் அனுமதிக்காதீர்கள். இல்லாத தேர்வைப் போட்டுக்கொண்ட போஸ்டர் ஒரு நிஜ விழாக் குழுவின் கண்ணில் பட்டால், பொய் சொன்னவர்கள் என்ற பெயர் மாணவர்களுக்குத்தான் வரும்.

அச்சில் வந்ததைச் சொன்னால் வயிறு எரியும். பார்சலைப் பிரித்தபோது பாட்டியின் முகம் நீண்டு, கன்னம் ஒடுங்கி, வேறு யாரோ போல இருந்தார். காரணம் சாதாரணக் கணக்கு. இன்ஸ்டாகிராமுக்காகச் செய்த 1080-க்கு 1350 பிக்சல் படத்தை இழுத்து ஏ3 தாளில் அடித்திருக்கிறார். ஏ3 என்பது 297-க்கு 420 மில்லிமீட்டர். அகலத்தைவிட உயரம் 1.41 மடங்கு. இன்ஸ்டாகிராம் படத்தில் 1.25 மடங்குதான். அந்த வித்தியாசம் முகத்தில் ஏறிவிட்டது. தெளிவும் இல்லை. கையில் பிடித்துப் பார்க்கும் போஸ்டருக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், அதாவது ஏ3-க்கு 3508-க்கு 4961 பிக்சல். எங்களுக்கு வந்ததில் 92 புள்ளிதான் தேறும். விடியற்காலை நீலம் முழுக்கக் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. திரைக்குரிய ஆர்ஜிபி நிறத்தைச் சரிபார்க்காமல் அச்சுக்குரிய சிஎம்ஒய்கே-க்கு மாற்றினால் நீலம்தான் முதலில் கெடும்.

சிவகாசி ஆஃப்செட் என்று சொன்னதும் பொய். தாளை மடித்துப் பார்த்தால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு விழுந்தது. டோனரில் அடிக்கும் டிஜிட்டல் பிரிண்ட் அப்படித்தான் வெடிக்கும். செவ்வாய்ப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினோம். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "ஜெராக்ஸ் கடை வேலை சாமி இது, ஆஃப்செட்னா புள்ளி வேற மாதிரி விழும்" என்று சொன்னார். அவர்தான், மொத்தமாக அடிப்பதற்கு முன் ஒரே ஒரு தாளை அடித்துக் காட்டச் சொல்லி, அதன் பின்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். நல்ல அச்சகங்கள் அதற்கு முகம் சுளிக்காது. வெட்டுவதற்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். ஸ்டில்ஸை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது சுருக்கிவிடும்.

சரி, வேலையை நாங்களே திருத்திக்கொள்கிறோம், ஓப்பன் ஃபைலைக் கொடுங்கள் என்று கேட்டோம். அங்கேதான் அவருடைய உண்மையான முகம் தெரிந்தது. "அண்ணா, நாங்க பணம் கொடுத்த வேலைதானே?" என்றதற்கு, "பேக்கேஜ்ல ஓப்பன் ஃபைல் வராது தம்பி, ஆறாயிரம் ஆகும்" என்றார். இன்ஸ்டாகிராம் பக்கத்தை அவருடைய போன் நம்பரில், அவருடைய மின்னஞ்சலில் ஆரம்பித்திருந்தார். வாக்குவாதம் முற்றியதும் பாஸ்வேர்டை மாற்றினார். கொஞ்ச நாளில் அந்தப் பக்கமே வேறு பெயருக்கு மாறி, கல்யாணப் போட்டோ விளம்பரம் ஓட ஆரம்பித்தது. எங்கள் படத்துக்காகச் சேர்ந்த ஏற்காட்டு மக்களும், கல்லூரி நண்பர்களும், பின்தொடர்ந்த அத்தனை பேரும் அவருக்கு இலவச வாடிக்கையாளர் ஆகிவிட்டார்கள்.

இத்தோடு நிற்கவில்லை. பாட்டியின் மகன் மறுபடி போன் செய்தார், இந்த முறை கோபமாக. ஒரு தங்கும் விடுதியின் விளம்பரத்தில் பாட்டியின் முகம் வந்திருக்கிறது. நாங்கள் போஸ்டருக்காகக் கொடுத்த ஸ்டில் அது. விடுதிக்காரர்களிடம் பேசியதில், மாடலுக்குப் பணம் கொடுத்துவிட்டதாக அந்த ஆள் சொன்னாராம். அவர்கள் அன்றே விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள், அதற்கு நன்றி. ஆனால் அந்தப் பாட்டி எங்களிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதானே. மலை ஏறிப் போய் அவர் முன்னால் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னோம். "நீங்க என்ன பண்ணுவீங்க கண்ணு" என்று காபி போட்டுக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதனால் சொல்கிறேன், ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எழுத்தில் இல்லாமல் ஸ்டில்ஸைக் கையில் கொடுக்காதீர்கள். இந்த ஸ்டில்ஸ் இந்தக் குறும்படத்தின் விளம்பரத்துக்கு மட்டும், வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்று ஒரு வரி போதும். டிசைனின் உரிமை யாருக்கு என்பதும் அதே தாளில் வர வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வரையச் சொன்ன ஓவியத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. லோகோவோ டைட்டில் டிசைனோ அந்த வரியில் பெயர் சொல்லி வரவில்லை. ஆகவே எழுதி வாங்குவதுதான் பாதுகாப்பு. எழுதும்போது 19ஆம் பிரிவையும் பாருங்கள்: உரிமை மாற்றம் எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். வெளிநாட்டு விழாவுக்குப் படம் அனுப்ப நினைப்பவர்களுக்கு அந்த ஒரு வரி முக்கியம்.

பக்கங்களை உங்கள் குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் தொடங்கி நீங்களே ஆரம்பியுங்கள். யூடியூப் ஸ்டுடியோவில் அனுமதிகள் பகுதியில் ஒருவரை எடிட்டராக மட்டும் சேர்க்கலாம், பாஸ்வேர்டு கொடுக்க வேண்டியதே இல்லை. வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். பணத்தைப் பாதி பாதியாகப் பிரித்து, கடைசிப் பாதியை ஓப்பன் ஃபைல் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதியலாம். அதற்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்பதால், இது கல்லூரித் திட்டம் என்று துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தைப் பறித்துக்கொண்டால் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம், இணையவழிப் பணமோசடிக்கு 1930 என்ற உதவி எண் இருக்கிறது. பில் இல்லையென்றாலும் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், குரல் செய்தி எதையும் அழிக்காதீர்கள். எங்கள் மனு முழுக்க அவற்றை வைத்துத்தான் எழுதப்பட்டது.

மனு இப்போது ஆணையத்தில் இருக்கிறது. போஸ்டரை எங்கள் ஜூனியர் ஒருவர் பகோடா பாயின்ட் ஸ்டில்லை வைத்துப் புதிதாகச் செய்து கொடுத்தார், அந்தச் செவ்வாய்ப்பேட்டை அச்சகத்திலேயே அடித்தோம். உரிமை மாற்றம், ஸ்டில்ஸ் பயன்பாடு, பணம் கொடுக்கும் முறை மூன்றையும் சேர்த்து ஒரு பக்கத்தில் தமிழ் ஒப்பந்தம் ஒன்று எழுதி, வழக்கறிஞரிடம் காட்டித் திருத்தி வைத்திருக்கிறோம். வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.