டீ ஆர்டரை எண்ண செட்டா, டிக்ஷனரியா?

நாலு மணி டீக்கு ஆர்டர் எடுக்கும் வேலை, அலுவலகத்தில் கடைசியாகச் சேர்ந்தவன் என்பதால் என் தலையில் விழுந்தது. பைத்தான் என்ற நிரல் மொழியைப் பழக ஆரம்பித்திருந்த நேரம். காகிதம் எதற்கு என்று சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். ஒவ்வொருவர் கேட்பதையும் தட்டச்சு செய்வேன். வெறும் என்டர் தட்டினால் நிறுத்திக்கொண்டு, மொத்தம் எத்தனை வகை என்று சொல்லும். இதையே, பல உருப்படிகளைச் சேர்த்து வைக்கப் பைத்தான் தரும் லிஸ்ட், செட், டிக்ஷனரி என்ற மூன்று வடிவங்களிலும் எழுதிப் பார்த்துவிட்டேன். இப்போது ஓடுவது டிக்ஷனரி.

லிஸ்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா' என்று பார்த்து, இல்லாவிட்டால் அப்பெண்ட் செய்ய (கடைசியில் சேர்க்க) வேண்டும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடும் என்பது குறைதான், ஆனால் ஏழு பேர் டீக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

செட் பார்க்க அழகு. ஆட் செய்தால் போதும், திரும்ப வந்ததை அதுவே விட்டுவிடும். கடைசியில் லென் (எத்தனை உருப்படி என்ற எண்ணிக்கை) கேட்டால் விடை. ஆட் போட வேண்டிய இடத்தில் அப்டேட் போட்டால் மட்டும் வம்பு, அது சொல்லைக் குறியீடு குறியீடாகப் பிரித்துச் சேர்க்கும்: 'காபி' என்ற ஒரு சொல் க, துணைக்கால், ப, இகரக் கொக்கி என்று நாலு உருப்படியாக உள்ளே போய்விடும். நான் போட்டேன்.

செட்டை நான் கைவிட்டது அதனால் இல்லை. முதல் நாள் ஏழு ஆர்டர், மூன்று வகை. கடைக்குப் போய் டீ, காபி, லெமன் டீ என்று பெருமையாகப் படித்தேன். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்து, "அது இருக்கட்டும் தம்பி, எது எத்தனை?" என்றார். செட்டிடம் அதற்குப் பதில் கிடையாது. நாலு டீயை ஒன்றாக்கியபோதே எண்ணிக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டது. மறுபடி மாடியேறி எல்லாரிடமும் கேட்டேன்.

டிக்ஷனரியில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பு இருக்கும்; இங்கே வகை சாவி, எண்ணிக்கை மதிப்பு. கெட் மூலம் பழைய எண்ணை எடுத்து (இல்லையென்றால் 0) ஒன்றைக் கூட்டி வைக்க வேண்டும், அவ்வளவுதான். லென் கேட்டால் 3. மதிப்புகளைக் கூட்டினால் 7. 1 இருப்பதை மட்டும் எடுத்தால் ஒரே ஒருவர் கேட்டது எது என்பதும் தெரியும். 'யூனிக்' (தனித்தது) என்று சொல்லும்போது சிலர் மனதில் இருப்பது இந்தக் கடைசிக் கணக்குதான். பைத்தான் 3.7 முதல் சேர்த்த வரிசையும் மாறாது. செட்டில் அதை நம்ப முடியாது.

அப்புறம், "எனக்கு வேண்டாம்பா" என்று ஒருவர் கட்டாயம் வருவார். செட்டிலிருந்து டீயை எடுத்தால் நாலு பேருக்கும் டீ போச்சு. டிக்ஷனரியில் ஒன்றைக் கழித்தால் சரி. ஆனால் 0 ஆகிவிட்ட சாவியை நாமாக அழிக்க வேண்டும்; இல்லாவிட்டால் லென் அதையும் ஒரு வகையாக எண்ணும்.

இதே வேலைக்கென்றே கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் (பைத்தானோடு வரும் ஒரு தொகுப்பு) கவுண்ட்டர் இருக்கிறது. அதுவும் உள்ளுக்குள் டிக்ஷனரிதான். அதிகம் வந்தது எது என்பதையும் ஒரே வரியில் சொல்லும். பழகுபவர் முதலில் கையால் எண்ணிப் பார்த்துவிட்டு அதற்குப் போகலாம் என்பது என் கட்சி. நான் எண்ணியதெல்லாம் இருபது ஆர்டருக்குள்தான்; லட்சம் வரி வைத்திருப்பவர் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதை எடுத்தாலும் இன்புட்டை ஸ்ட்ரிப் செய்து முன்பின் இடைவெளிகளை நீக்கிவிடுங்கள், கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டியிருந்தாலே அது வேறு டீ. தமிழில் இன்னொன்றும் உண்டு. 'போர்ன்விட்டா'வின் ஓகாரம் ஒரே குறியீடாகவும் வரலாம், ஏகாரக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, பைத்தானுக்கு அவை இரண்டு வகை. யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸில் என்எஃப்சி (பிரிந்திருக்கும் குறியீடுகளை ஒன்றாக்கும் வடிவம்) கொடுத்த பிறகுதான் ஒரு போர்ன்விட்டா ஆனது.