கேரார்ட் 301 வாங்குகிறவர்கள் புல்லியைப் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம்

பழைய கேரார்ட் 301 டர்ன்டேபிள் (இசைத் தட்டுகளைச் சுழற்றும் பிளேயர்) வாங்க எண்ணியிருப்பவர்கள், அதிலும் அமெரிக்காவிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் 1950-களில் தயாரிக்கத் தொடங்கிய இந்த இயந்திரம் இன்றும் லட்சக்கணக்கில் விலைபோகிறது. ஏமாற்றுவோருக்கு அதுவே வசதியாகிவிடுகிறது.

எனக்கு விற்றவர் வெளியூர்க்காரர். முழுமையாக சர்வீஸ் செய்யப்பட்டது, 230 வோல்ட்டுக்கு மாற்றப்பட்டது, வேகம் துல்லியமானது என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார். சான்றாக ஒரு வீடியோவும் வந்தது. அதில், சுழலும் தட்டின் மீது வைத்த ஸ்ட்ரோப் அட்டையின் (மின்விளக்கின் துடிப்பில் கோடுகள் நின்றதுபோல் தெரிந்தால் வேகம் சரி என்று காட்டும் அட்டை) கோடுகள், சோக் போட்ட டியூப்லைட் வெளிச்சத்தில் அசையாமல் நின்றன.

பிளேயர் வந்து சேர்ந்ததும் ஒரு கர்நாடக இசைத் தட்டைப் போட்டேன். ஐந்தரைக் கட்டையில் பாடும் பாடகியின் குரல் நாலு கட்டைக்கு இறங்கி, ஏதோ ஓர் ஆண் பாடுவதுபோல் கேட்டது. மிருதங்கம் தொய்ந்து ஒலித்தது. சுற்றுகளை எண்ணியபோது, நிமிடத்துக்கு 33⅓ வர வேண்டிய இடத்தில் 28-கூட முழுதாக வரவில்லை.

காரணம் எளிது. 301-இன் மோட்டார் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வோல்ட் அல்ல, மின்சாரத்தின் அலைவெண். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ். எனவே மோட்டார் தண்டில் மாட்டும் புல்லி இரண்டு நாடுகளுக்கும் வெவ்வேறு அளவில் இருக்கும். என் பிளேயரில் இருந்தது 60 ஹெர்ட்ஸ் புல்லி. வேகத்தைத் திருத்துவதற்கான குமிழ் சில சதவீத வேறுபாட்டைத்தான் சரிசெய்யும். ஆறில் ஒரு பங்கு குறைந்துபோன வேகத்தை அதனால் ஈடுகட்ட முடியாது.

விற்றவரிடம் கேட்டதற்கு, புல்லியின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்தும் ரப்பர் சக்கரம் சூடேறினால் சரியாகிவிடும் என்றார். பிறகு குமிழைத் திருகச் சொன்னார். கடைசியில் கூரியர்காரர்கள் கீழே போட்டிருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் பேச்சையே நிறுத்திக்கொண்டார். கூரியரில் அடிபட்டால் புல்லியின் விட்டம் குறைந்துவிடுமா என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

அவர் தெரியாமல் செய்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஸ்ட்ரோப் அட்டையில் 33⅓ வேகத்துக்கு, 50 ஹெர்ட்ஸ் வளையத்தில் 180 கோடுகளும் 60 ஹெர்ட்ஸ் வளையத்தில் 216 கோடுகளும் இருக்கும். 60 ஹெர்ட்ஸ் புல்லியோடு நம் ஊர் மின்சாரத்தில் ஓடும் தட்டை நம் ஊர் விளக்கின் கீழ் பார்த்தால், தட்டின் வேகமும் விளக்கின் துடிப்பும் ஒரே விகிதத்தில் குறைந்திருப்பதால், 216 கோட்டு வளையம் அசையாமலே தெரியும். நகர்ந்து காட்டிக்கொடுப்பது 180 கோட்டு வளையம்தான். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது, கேமரா நெருங்கிக் காட்டியது 216 கோட்டு வளையத்தை மட்டுமே என்பதும், மற்றொன்றை, தட்டின் நடுவில் வைத்து அழுத்தும் ரெக்கார்டு கிளாம்ப் மறைத்திருந்தது என்பதும் புலப்பட்டன. வீடியோவில் பாட்டுச் சத்தம் ஏன் இல்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. மேலும், மோட்டார் அருகிலுள்ள இணைப்புகளை 230 வோல்ட்டுக்கு மாற்றிய கைக்குப் புல்லி கண்ணில் படாமல் இருந்திருக்காது.

ஆகவே யாரிடம் வாங்கினாலும், தட்டைக் கழற்றிப் புல்லியையும் ரப்பர் சக்கரத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வீடியோ அழைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட வளையத்தையே காட்டச் சொல்லி, சுருதி உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாடலை முழுதாக ஓடவிடச் சொல்லுங்கள். எல்இடி விளக்கில் பல நேரங்களில் கோடுகளே சரியாகத் தெரியாது என்பதால் அதை ஏற்க வேண்டாம். கிரீஸ் பேரிங் (தட்டின் தண்டைத் தாங்கும் பகுதியில் எண்ணெய்க்குப் பதில் கிரீஸ் இடுவது) உள்ள முந்தைய மாடல் என்று கூடுதல் விலை கேட்டால், அடிப்பக்கப் படத்தையும் கேளுங்கள். அந்த மாடலின் சாம்பல் நிறப் பெயின்ட்டை யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம்.

இதே ஆள் சென்ற வாரம் இன்னொரு 301-ஐ விற்பனைக்குப் போட்டிருக்கிறார். பிளேயரின் நிறம் வேறு. இணைத்திருக்கும் வீடியோ எனக்கு அனுப்பிய அதே வீடியோ.