பில்லில் புது டிஸ்க், சக்கரத்தில் பழைய டிஸ்க்

பிரேக் மிதிக்கும்போது முன்சக்கரத்தில் கீச்சென்று சத்தம் வந்தால் பேட் தேய்ந்திருக்கலாம். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்; அதை இருபுறமும் அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துவது பேட். பல பேட்களில் ஒரு சிறு இரும்பு நாக்கு இருக்கும். தேய்மானம் எல்லையைத் தொட்டதும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். அந்தச் சத்தத்துக்காகத்தான் சேலத்தில் ஒரு பெரிய பணிமனையில் காரை விட்டேன்.

“பேட் மாற்றினால் டிஸ்க்கையும் சேர்த்து மாற்றியே ஆக வேண்டும் சார், இல்லாவிட்டால் உத்தரவாதம் கிடையாது” என்றார் முன்மேசையில் இருந்தவர். அளந்தீர்களா என்று கேட்டேன். “தடவிப் பார்த்தாலே தெரியும் சார்.” மறுநாள் பேட், ஒரு ஜோடி டிஸ்க், கூலி என்று ₹11,400க்கு பில் வந்தது. பழைய டிஸ்க்கைக் கேட்டால் காயலான் கடைக்குப் போய்விட்டதாம். இரும்பை எடைக்குப் போடுவதில் இருந்த சுறுசுறுப்பு காரைத் திருப்பித் தருவதில் இல்லை.

அடுத்த வாரம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது வண்டவாளம் தெரிந்தது. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில்தான் இறங்கினேன். பாதி மலையிலேயே மிதிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் உதறியது, பெடல் காலை எதிர்த்துத் தள்ளியது, கருகல் வாடை வேறு.

ஊருக்குள் சிறு பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க் பளபளவென்றுதான் இருந்தது. அவர் அந்தப் பளபளப்பைப் பார்க்கவே இல்லை. டிஸ்க்கின் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே காற்றுப் போகும் இடுக்கில் டார்ச் அடித்தார். உள்ளே பொருக்குப் பொருக்காகத் துரு. லேத் உளி எட்டாத இடம் அது. நடுவில் தொப்பிபோல் எழும்பியிருக்கும் பகுதியில் கறுப்புப் பெயிண்ட். நகத்தால் சுரண்டியதும் அங்கேயும் துரு. என் பழைய டிஸ்க்கையே லேத்தில் கடைசல் பிடித்து, அதாவது மேற்பரப்பைச் சீவிப் பளபளப்பாக்கி, மாட்டியிருக்கிறார்கள்! அதன்மேல் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிமன் 20 மி.மீ.; வெர்னியர் அளவுகோல் காட்டியது 19.2.

கடைசல் பிடிப்பதே குற்றமில்லை. பிடித்த பிறகும் அந்த எல்லைக்கு மேல் தடிமன் நிற்க வேண்டும். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும். மலை இறக்கத்தில் அது உயிரோடு விளையாட்டு.

டிஸ்க் மாற்றினால் பேட்டும் புதிதாகப் போட வேண்டும் என்பது சரி. அதைத் தலைகீழாகச் சொல்வதுதான் வியாபாரம். தடிமன் போதுமானதாக இருந்து, ஆழமான கோடுகளோ விரிசலோ உதறலோ இல்லாவிட்டால் இரு பக்கமும் பேட் மட்டும் மாற்றினால் போதும். டிஸ்க் போய்விட்டது என்று சொன்னால் உங்கள் கண்ணெதிரில் அளக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் தேயாமல் வரப்புபோல் நிற்கும் விளிம்பில் வைத்து அளந்தால் தடிமன் கூடுதலாகக் காட்டும்; பேட் உரசும் இடத்தில் அளக்க வேண்டும். புது டிஸ்க் வந்த பெட்டியையும், கழற்றிய பழையதையும் டிக்கியில் வைக்கச் சொல்லிவிடுங்கள்.

டிஸ்க்கின் படங்களோடு அந்தப் பெரிய பணிமனைக்குத் திரும்பப் போனேன். “சப்ளையர் அனுப்பியதைத்தான் போட்டோம் சார்.” அப்படியானால் கொள்முதல் பில்லைக் காட்டுங்கள் என்றேன். பேச்சில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு டிஸ்க்குக்கான பணம் மட்டும் வந்தது. கூலியையும், அந்த டிஸ்க்கோடு கருகிப்போன பேட்டின் விலையையும் தர மறுக்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிவிட்டது.