115-ஆ, 120-ஆ? ஸ்கீ கோல் நீளம் பற்றி என் அனுபவம்

என் உயரம் 168 செ.மீ. பனிச்சறுக்கில் இரு கையிலும் பிடித்து ஊன்றும் ஸ்கீ கோல் வாங்கப் போனால் உயரத்தை 0.7-ஆல் பெருக்கச் சொல்வார்கள். எனக்கு 117.6 வருகிறது. கடையில் இருப்பதோ பெரும்பாலும் 5 செ.மீ. இடைவெளியில்: 115, 120, 125. இப்படி இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொள்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மூன்று நீளத்திலும் பல குளிர்காலம் சறுக்கிப் பார்த்த பிறகு நான் சொல்வது இதுதான்: சந்தேகம் வந்தால் குட்டையானதை எடுங்கள்.

நான் அதிகம் சறுக்குவது கனடாவில், ஒன்டாரியோவின் காலிங்வுட் அருகே இருக்கும் புளூ மவுண்டனில். உச்சியிலிருந்து அடிவாரம் வரை 220 மீட்டர்தான் இறக்கம். இயந்திரம் வைத்துத் தூவிய பனி, காலை நேரத்தில் கல் போல இறுகிக் கிடக்கும். கோலின் முனை அதில் உள்ளே இறங்காது. அதனால் நீளம் சற்றுக் கூடினாலும் தோளுக்கு உடனே தெரிந்துவிடும்.

முதலில் வாடகைக் கடையில் கொடுத்தது 125. ஒவ்வொரு திருப்பத்திலும் கோலை ஊன்றும்போது தோள் மேலே தூக்கும். தோள் தூக்கினால் உடம்பு நிமிரும், எடை குதிகாலுக்குப் போகும், காலில் மாட்டிய ஸ்கீ பலகையின் முன்பகுதி பனியைப் பிடிக்காது. பயிற்சியாளர்கள் "முன்னால் சாய், முன்னால் சாய்" என்று கத்துவதில் பாதிக்குக் காரணம் கையில் இருக்கும் கோல்தான் என்பது என் கருத்து. பிறகு சொந்தமாக வாங்கிய 120 மோசமில்லை. சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்ட் வரை சமதளத்தில் உந்திப் போக நன்றாகவே உதவியது. ஆனால் மேடு மேடாக இருக்கும் மொகல் சரிவில் ஒவ்வொரு ஊன்றலுக்கும் கை பின்னால் தள்ளப்பட்டது. நீளத்தை மாற்றக்கூடிய கோல் வாங்கி 115-இல் வைத்த அன்றுதான் கை உடம்புக்கு முன்னாலேயே நின்றது.

இதற்குக் காரணம் உண்டு. பூட்ஸும், அதை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்கும், ஸ்கீயும் சேர்ந்து நம்மைச் சில சென்டிமீட்டர் உயர்த்துகின்றன. முழங்காலை மடக்குவது நம்மை இறக்குகிறது. இரண்டும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரியாகப் போவதால்தான் 0.7 கணக்கு ஓரளவு பொருந்துகிறது. சறுக்கப் பழகப் பழக இன்னும் தாழ்ந்து நிற்கிறோம். அப்போது பழைய நீளம் அதிகமாகத் தெரிகிறது.

கடையில் சோதிக்கும் முறை எளிது. கோலைத் தலைகீழாகத் திருப்பி, பிடி தரையில் படும்படி வைத்து, பனியில் புதையாமல் தடுக்கும் வட்டத்தட்டுக்குக் கீழே பிடியுங்கள். தட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனைதான் பனிக்குள் இறங்கும் அளவு. முழங்கை 90 பாகையில் இருக்க வேண்டும். தயவுசெய்து ஸ்கீ பூட்ஸைப் போட்டுக்கொண்டு பாருங்கள். சாதாரணச் செருப்போடு பார்த்தால் கணக்கு மாறிவிடும். அப்புறம், நேராக நின்று பார்த்ததோடு விடாமல், சறுக்கும்போது நிற்பதுபோல முழங்காலை மடக்கியும் ஒருமுறை பாருங்கள். எனக்கு முடிவு சொன்னது இந்த இரண்டாவது பார்வைதான்.

கனடாவின் மேற்கே இருக்கும் விஸ்லரில் கதை வேறு. மேற்குக் கரை மலைகளில் புதுப்பனி விழுந்த நாளில் சிறிய தட்டு மாட்டிய 115 கோல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மென்மையான புதுப்பனிக்கான பெரிய பவுடர் தட்டை மாட்டி, நீளத்தை 120 ஆக்கியதும் சரியாகிவிட்டது. நீளம் மாற்றும் கோலின் பயன் இதில்தான். குறையும் உண்டு: எடை கொஞ்சம் கூடுதல், பூட்டு நாளடைவில் தளரும். வேகமாக ஊன்றும்போது கோல் தானாகக் குட்டையானால் பூட்டின் திருகை ஒரு சுற்று இறுக்குங்கள். குளிர்காலத் தொடக்கத்தில் நான் அதைத் தவறாமல் செய்கிறேன்.

ஒரே இடத்தில் சறுக்குபவருக்கு நீளம் மாறாத அலுமினியக் கோலே போதும். 1958-இல் அமெரிக்காவின் சன் வேலியைச் சேர்ந்த எட் ஸ்காட் கொண்டுவந்த, நுனி நோக்கி மெலியும் அலுமினியக் கோலின் வழிவந்தவைதான் இவை. அடிபட்டால் வளையும், மெதுவாக ஓரளவு நிமிர்த்திவிடலாம். கார்பன் லேசாக இருக்கும். ஆனால் ஸ்கீயின் இரும்பு விளிம்பு பட்டுக் கீறல் விழுந்தால், பிறகொரு நாள் சட்டென்று முறியும். அலுமினியத்தில் இன்னொரு வசதி, நீளத்தை வெட்டிக் குறைக்கலாம். பிடியை வெந்நீரில் வைத்து இளக்கிக் கழற்றி, குழாய் வெட்டும் கருவியால் மேல்பக்கம் வெட்டி, மறுபடி பிடியை மாட்டினால் முடிந்தது. ஆகவே கடையில் 120 மட்டும்தான் இருக்கிறது என்றாலும் கவலையில்லை.

குழந்தைகளுக்கு வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பனிச்சறுக்குப் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கோல் இல்லாமல்தான் தொடங்குகிறார்கள். பயிற்சியாளர் கேட்ட பிறகு, வளரும் உயரத்துக்கேற்ப நீட்டிக்கொள்ளக்கூடியதாக ஒரு ஜோடி வாங்கினால் போதும்.